பலராமனின் வாக்குச்சீட்டு

கும்பகருணன் சிறந்தவனா, வீடணன் சிறந்தவனா என்று வழக்காடாத தமிழ்ப் பட்டிமன்றம் உண்டா? பள்ளி மேடைகளில் மாணவரை அணி பிரித்து நிறுத்தி இத்தலைப்பை நாம் எத்துணை முறை நடத்தியிருக்கிறோம்! தமையன் செய்வது அறமன்று என்று அவையிலேயே எடுத்துரைத்து, அவன் கேளாதபோதும் உண்ட சோற்றுக்காக உயிரைக் கொடுத்தவன் ஒருவன். அறமன்று என்று எடுத்துரைத்து, அவன் கேளாதபோது மாற்றாரின் பாசறைக்குச் சென்று சேர்ந்தவன் மற்றொருவன். இருவருக்கும் பரிந்து பேசுவோர் நம்மிடையே உளர். ஆனால் மூன்றாமவன் ஒருவனை நாம் மேடையேற்றுவதே இல்லை. அவன் இராமகாதையில் இல்லை, பாரதத்தில் இருக்கிறான். துரியோதனனுக்கும் வீமனுக்கும் கதாயுதம் பழக்கிய பலராமன், போர் மூண்டபோது எப்பக்கமும் சேராமல் தீர்த்த யாத்திரைக்குப் போனான். புனித நீராடிவிட்டுப் போரின் இறுதி நாளன்று திரும்பி வந்து, வீமன் தொடையில் அடித்தது முறையன்று என்று சினந்து கலப்பையைத் தூக்கினான்!

பதினெட்டு நாளும் குருதி ஓடியபோது காணாமற்போனவன், கடைசி அடி முறைப்படி விழவில்லை என்று குறை சொல்ல வந்தான். இவனைத்தான் இக்கட்டுரையில் கூண்டில் நிறுத்த விரும்புகிறேன். ஏனெனில் 2016 முதல் 2024 வரை நடந்த மூன்று அமெரிக்க அதிபர் தேர்தல்களில், அந்நாட்டுப் பழமைவாதிகளுள் பெயர்பெற்றோர் பலர் கும்பகருணராகவும் நிற்கவில்லை, வீடணராகவும் செல்லவில்லை. அவர்கள் பலராமனின் யாத்திரையைத் தேர்ந்தெடுத்தனர். அதற்கு மனச்சான்று என்று பெயரும் சூட்டிக்கொண்டனர்.

பழமைவாதி என்ற சொல்லை நான் இழிவாக வழங்கவில்லை. தலைமுறை தலைமுறையாக வந்த நிறுவனங்களை ஒரு நாள் வெறியில் உடைத்துவிடக் கூடாது என்பதே அக்கொள்கையின் உயிர்நாடி. ஆங்கில நாட்டில் அதற்கு மூலவராகப் போற்றப்படும் எட்மண்ட் பர்க், பிரெஞ்சுப் புரட்சி பற்றி 1790-இல் நூல் எழுதியவர். அந்தப் பர்க் என்ன செய்தார்? தம் கட்சித் தலைவரும் நெடுநாள் நண்பருமான சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்சோடு 1791-இல் நாடாளுமன்ற அவையிலேயே நட்பை முறித்துக்கொண்டு, எதிரணியிலிருந்த பிட்டின் அரசுக்குத் துணை நின்றார். கொள்கை பெரிது, கொடி சிறிது என்பது பழமைவாதத்தின் தொட்டில் பாடம் என்பதை இதனால் அறியலாம்.

அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் பிறப்பும் இத்தகையதே. விஸ்கான்சின் மாநிலத்தில் ரிப்பன் என்னும் சிற்றூர் உண்டு. அங்கே 1854 மார்ச்சுத் திங்களில் ஒரு சிறு பள்ளிக்கூடத்தில் கூடியவர்கள் யார்? அடிமை முறை புதிய நிலப்பகுதிகளுக்குப் பரவ வழிவிடும் கன்சாஸ்-நெப்ராஸ்கா சட்ட முன்வடிவை வெறுத்து, தத்தம் பழைய கட்சிகளை விட்டு வெளியேறியவர்கள். விக் கட்சியினர் இருந்தனர். ஜனநாயகக் கட்சியினரும் இருந்தனர். ஆபிரகாம் லிங்கனே விக் கட்சியிலிருந்து வந்தவர். அவர் 1864-இல் மறுமுறை நின்றபோது தேசிய ஒன்றியம் என்ற பெயரில், ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஜான்சனைத் துணை அதிபராக இணைத்துக்கொண்டார். (அந்த ஜான்சன் பின்னர் அதிபராகிச் செய்த கேடுகள் வேறு கதை.) கட்சி மாறி வந்தோர் கட்டிய வீட்டில் குடியிருந்துகொண்டு, மாற்றுக் கட்சிக்கு வாக்களிப்பது மரபுக்கு முரண் என்று சொல்லுவோரை என்னென்பது?

இனி நடந்ததைப் பார்ப்போம். 2020 நவம்பர்த் தேர்தலில் டொனால்ட் டிரம்ப் தோற்றார். ஜார்ஜியாவில் அவர் பின்தங்கிய வாக்குகள் 11,779. 2021 சனவரி 2-ஆம் நாள் அம்மாநிலச் செயலாளரைத் தொலைபேசியில் அழைத்து 11,780 வாக்குகளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். அழைக்கப்பட்ட பிராட் ராஃபன்ஸ்பெர்கரும் குடியரசுக் கட்சிக்காரரே, அவர் இணங்கவில்லை. நான்கு நாள் கழித்து, சனவரி 6-இல், ஒரு கூட்டம் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தது. வாக்குகளை எண்ணி அறிவிக்கும் கடமை அன்று துணை அதிபர் மைக் பென்சுடையது. முடிவை மாற்றுமாறு தம் தலைவர் வற்புறுத்தியும் அவர் மாற்றவில்லை. வெளியே தூக்குமரம் நட்டு அவர் பெயரைச் சொல்லிக் கூவினார்கள்.

இந்தப் பென்சைவிட நிலைமையை நன்கறிந்தவர் எவர் இருக்க முடியும்? 2023 சூனில் தாமே அதிபர் தேர்தலுக்கு நிற்கப்போவதாக அறிவித்தபோது, அரசியலமைப்புச் சட்டத்துக்கு மேலாகத் தம்மை வைத்துக்கொள்ளும் எவரும் ஒருபோதும் அதிபராகக் கூடாது என்ற கருத்தை அவரே சொன்னார். 2024 மார்ச்சில் டிரம்பை ஆதரிக்க மாட்டேன் என்றார். சரி, எவரை ஆதரிப்பீர்? ஜோ பைடனுக்கும் இல்லை. பிறகு வந்த கமலா ஹாரிசுக்கும் இல்லை. ஒருபோதும் கூடாது என்று தாம் சொன்ன ஒன்று நடக்கப்போகிறது. அதைத் தடுக்கக்கூடிய ஒரே சீட்டு கையில் இருக்கிறது. அதை மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறார்!

ஒரு விளக்கம் இங்கே தேவை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அச்சிட்ட பெயருக்கு நேரே குறியிடுவதோடு வாக்காளரின் வேலை முடிந்துவிடுகிறது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களிலோ, அச்சிட்ட பெயர் எதுவும் பிடிக்கவில்லையென்றால் வெற்றிடத்தில் தாமே ஒரு பெயரை எழுதலாம். நல்ல உரிமைதான். அதைக் கொண்டு அந்நாட்டுப் பெரியோர் செய்த விளையாட்டைக் கேளுங்கள். 2012-இல் குடியரசுக் கட்சியின் வேட்பாளராக நின்ற மிட் ரோம்னி, 2016-இல் தம் மனைவியின் பெயரை எழுதினார். ஓஹையோ ஆளுநர் ஜான் கேசிக், வேட்பாளராகவே இல்லாத ஜான் மெக்கேனின் பெயரை எழுதினார். முன்னாள் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ புஷ் அவ்வாண்டு அதிபர் பதவிக்கு எவருக்கும் வாக்களிக்கவில்லை. 2020-இல் தம் பழைய அமைச்சர் காண்டலீசா ரைசின் பெயரை எழுதினார். அதை அவரிடம் சொன்னபோது, கொடுத்தாலும் அப்பதவியை ஏற்கமாட்டேன் என்று அம்மையார் சொன்னாராம். இரண்டு முறை நாட்டை ஆண்டவர் அளித்த வாக்கு இது!

மேரிலாந்து ஆளுநராக இருந்த லாரி ஹோகன் எல்லாரையும் மிஞ்சினார். 2020-இல் அவர் எழுதிய பெயர் ரொனால்ட் ரேகன். ரேகன் 2004-இலேயே இறந்துபோனவர். அதற்கு முன் 2016-இல் ஹோகன் எழுதியது தம் தந்தையின் பெயரை. இந்தத் தந்தையைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். மூத்த ஹோகன் 1974-இல் பிரதிநிதிகள் சபையின் நீதிக் குழுவில் இருந்தவர். நிக்சனின் கட்சியைச் சேர்ந்தவர். நிக்சன்மீது அக்குழு மூன்று குற்றச்சாட்டுகளை ஏற்றது. மூன்றுக்கும் ஆதரவாக வாக்களித்த ஒரே குடியரசுக் கட்சி உறுப்பினர் அவர்தாம். அவ்வாண்டு ஆளுநர் பதவிக்கு நிற்க விரும்பினார். கட்சியின் உட்தேர்தலிலேயே தோற்றார். அதாவது, மூத்தவர் எதிர்க்கட்சியினரோடு சேர்ந்து கை தூக்கினார், அதற்கு விலையும் கொடுத்தார். இளையவர் அந்தத் தந்தையின் பெயரை வாக்குச்சீட்டில் எழுதி மடித்துப் போட்டார். தந்தை செய்ததைச் செய்வது தந்தைக்கு மரியாதையா, தந்தையின் பெயரை எழுதுவது மரியாதையா? ஆசிரியராக இருந்து பார்த்தால், விடை எழுதச் சொன்ன இடத்தில் தம் பெயரை மட்டும் அழகாக எழுதிவிட்டுத் தாளைக் கொடுத்துப்போகும் மாணவனைத்தான் நினைக்கத் தோன்றுகிறது.

இவர்கள் தரப்பில் சொல்லத்தக்க நியாயங்கள் இல்லாமலில்லை. அவற்றை ஒதுக்கிவிட்டு வழக்காடுவது முறையன்று.

முதல் நியாயம், எதிர்க்கட்சியின் கொள்கைகள். கருக்கலைப்பு உயிர்க்கொலை என்று உள்ளார நம்பும் ஒருவர், அதற்கு உரிமை கேட்கும் கட்சிக்கு எவ்வாறு வாக்களிப்பார்? பென்சுக்கு இது வெறும் சாக்கன்று; அவர் வாழ்நாள் முழுதும் பற்றி நின்ற கொள்கை. இதை நான் மதிக்கிறேன். ஆனால் இக்கொள்கையே எல்லாவற்றினும் பெரிதென்றால், கும்பகருணனைப் போலத் தம் கட்சி வேட்பாளரோடு நின்றிருக்க வேண்டும். அரசியலமைப்பே பெரிதென்றால் அப்பால் சென்றிருக்க வேண்டும். இரண்டையும் தராசில் வைத்து நிறுத்துப் பார்க்கவே மறுத்துவிட்டு, இரு தட்டும் சமமாகத் தொங்குவதாகச் சொல்லுவது நிறுப்பவனின் நேர்மையன்று. சட்டம் பிடிக்கவில்லையென்றால் அடுத்த தேர்தலில் மாற்றலாம். அடுத்த தேர்தலின் எண்ணிக்கையே நம்பத்தகாததாகிவிட்டால் எதைக்கொண்டு மாற்றுவது? பென்ஸ் 2021 சனவரி 6-இல் எண்ணி முடித்ததன் பொருளே இதுதானே!

இரண்டாம் நியாயம், கட்சிக்குள் குரல் வேண்டும் என்பது. வெளியே சென்றவனின் சொல் உள்ளே எடுபடாது. புயல் ஓய்ந்தபின் வீட்டைத் திருப்பிக் கட்ட உள்ளே சிலர் வேண்டும் என்பர். 2024-இல் ரோம்னி ஹாரிசை ஆதரிக்காமைக்குச் சொன்ன காரணம் ஏறத்தாழ இதுவே. ரோம்னி கோழையல்லர். 2020 பிப்ரவரியில் தம் கட்சி அதிபரைக் குற்றவாளி என்று செனட் சபையில் வாக்களித்தவர். அமெரிக்க வரலாற்றில் அவ்வாறு செய்த முதல் செனட்டர். 2021-இலும் அப்படியே வாக்களித்தார். அத்தகையவரே இப்படிப் பேசியதுதான் வருத்தம். அவர் 2024-இல் மறுபடி போட்டியிடவில்லை. 2025 சனவரியில் பதவியிலிருந்து இறங்கினார். சேமித்து வைத்த குரல் எந்த அவையில் ஒலிக்கப்போகிறது?

குரலை இழக்காமலே அப்பால் வாக்களிக்க முடியும் என்பதைக் காலின் பவல் காட்டியிருக்கிறார். புஷ்ஷிடம் வெளியுறவு அமைச்சராக இருந்த அவர், 2008-இல் தம் நண்பர் மெக்கேனை விட்டு ஒபாமாவை ஆதரித்தார். 2012, 2016, 2020 ஆகிய ஆண்டுகளிலும் ஜனநாயகக் கட்சி வேட்பாளரையே ஆதரித்தார். இத்தனைக்கும் தம்மைக் குடியரசுக் கட்சிக்காரர் என்றே சொல்லிக்கொண்டு வந்தார்; 2021 சனவரி நிகழ்ச்சிக்குப் பிறகே இனி அப்படிச் சொல்லிக்கொள்ள மாட்டேன் என்றார். ஒரு தேர்தலில் மாற்றாருக்கு வாக்களிப்பது மதமாற்றமன்று.

மூன்றாம் நியாயம், என் ஒரு வாக்கால் என்ன ஆகும் என்பது. மேரிலாந்தும் யூட்டாவும் முடிவு முன்பே தெரிந்த மாநிலங்கள். அங்கே எவர் பெயரை எழுதினாலும் ஒன்றுதான். குடியானவன் ஒருவன் இப்படிச் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். ஆளுநரும் முன்னாள் அதிபரும் சொல்லலாமா? அவர்கள் சொல் மாநில எல்லையில் நின்றுவிடுவதில்லை. 2020-இல் அரிசோனாவில் பைடன் வென்றது 10,457 வாக்குகளில். அம்மாநிலத்தின் மெக்கேன் 2008-இல் குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்றவர். அவருடைய துணைவியார் சிண்டி மெக்கேன் வெளிப்படையாகப் பைடனை ஆதரித்தார். எத்தனை வாக்கு அவரால் வந்தது என்று எவராலும் அளந்து சொல்ல முடியாது. அவ்வளவு குறுகிய இடைவெளியில் அளக்க முடியாத சிறு எடைகூடத் தட்டைச் சாய்க்கும் என்பதை மட்டும் அறிவோம். 2016-இல் மெக்கேன் பெயரை எழுதிய கேசிக், 2020-இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டிலேயே பைடனுக்காகப் பேசினார். யாத்திரை போனவர்களும் திரும்பலாம் போலும்.

கும்பகருணர்களைப் பற்றி ஒரு சொல். டிரம்பிடம் சட்டத்துறைத் தலைவராக இருந்து பின் கடுமையாகக் குறை கூறிய பில் பார், 2024-இல் தம் கட்சி வேட்பாளரையே ஆதரிப்பேன் என்றார். சனவரி 6-க்கு டிரம்பே பொறுப்பு என்று செனட் சபையில் முழங்கிய மிட்ச் மெக்கானல், 2024 மார்ச்சில் அவரையே ஆதரித்தார். இவர்கள் முடிவு எனக்கு உடன்பாடன்று. சொல்லும் செயலும் இவ்வளவு தூரம் விலகியதைக் கண்டு நகைப்பவர்களோடு நானும் நகைத்தேன். ஆயினும் இவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பது தெரிகிறது. கணக்குக் கேட்கும் நாளில் இவர்களிடம் கேட்கலாம். சீட்டில் இறந்தவர் பெயரை எழுதியவரிடம் என்ன கேட்பது?

வீடணராகச் சென்றவர் லிஸ் செனி. வயோமிங் மாநிலத்துப் பிரதிநிதி, துணை அதிபராக இருந்த டிக் செனியின் மகள், ஆழ்ந்த பழமைவாதி. 2020-இல் டிரம்புக்கே வாக்களித்தவர். 2021 சனவரியில் அவர்மீது குற்றச்சாட்டு வந்தபோது ஆதரித்து வாக்களித்தார். மே மாதம் கட்சிப் பொறுப்பை இழந்தார். 2022 ஆகஸ்டில் உட்தேர்தலில் பெற்றது 29 விழுக்காட்டுக்கும் குறைவு, தொகுதியும் போயிற்று. 2024 செப்டம்பர் 4-இல் வட கரோலைனாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஹாரிசுக்கு வாக்களிப்பேன் என்று அறிவித்தார். இழுபறி மாநிலங்களில் வேறு பெயரை எழுதிவிட்டு வரும் வசதி நமக்கில்லை என்பது அவர் பேச்சின் சாரம். இரு நாள் கழித்து, தம் மகளின் வழியே தாமும் செல்வதாகத் தந்தையும் சொன்னார். அக்டோபர் 3-இல் ஹாரிசும் லிஸ் செனியும் ரிப்பனில் ஒரே மேடையில் நின்றார்கள். 1854-இல் அந்தப் பள்ளிக்கூடம் இருந்த அதே ரிப்பனில்.

அந்நாள்களில் நம் கவனம் வேறெங்கோ இருந்தது. கமலாவின் பாட்டனார் கோபாலனின் பூர்வீகம் மன்னார்குடிக்கு அருகிலுள்ள துளசேந்திரபுரம் என்பதும், அவ்வூர்க் கோயிலில் அவர் வெற்றிக்காக வழிபாடு நடந்ததும் நமக்கு இனித்தன. இனிக்கட்டும், தவறில்லை. ஆனால் மாணவரோடு பேசுவதற்குரிய பெரிய செய்தி ரிப்பனில் அல்லவா நடந்தது!

இனி எதிர்ப்பக்கத்தாரையும் விடுவதற்கில்லை. அடைக்கலம் என்று வந்தவனுக்கு இராமன் போருக்கு முன்பே இலங்கை அரசை அளித்தான். ஹாரிஸ் அளித்தது என்ன? அமைச்சரவையில் ஒரு குடியரசுக் கட்சிக்காரருக்கு இடம் தருவேன் என்ற ஒரு வாக்கு. பழமைவாதிகள் அஞ்சும் கொள்கைகளில் எதையேனும் நான்காண்டு தள்ளிவைப்பேன் என்ற பேரம் இல்லை, பொதுத்திட்டம் இல்லை, கைகுலுக்கும் படம் இருந்தது. அதோடு, வரவேற்கப்பட்ட டிக் செனி 2003 ஈராக் போரின் முதன்மைக் காரணர்களுள் ஒருவர் என்பதை அரபு அமெரிக்கர் மறக்கவில்லை. அவர்கள் மிகுந்து வாழும் மிச்சிகனின் டியர்பார்ன் நகரில் அந்த நவம்பரில் டிரம்பே மிகுதியான வாக்குப் பெற்றார். அதற்குக் காசா முதற்காரணம் என்பது உண்மை. செனியின் பெயர் புண்ணில் வேல் பாய்ச்சியது என்பதும் உண்மை.

ஆஸ்திரியாவில் இதைச் செம்மையாகச் செய்தார்கள். 2016 ஏப்ரலில் நடந்த அதிபர் தேர்தலின் முதற்சுற்றில், போருக்குப்பின் அந்நாட்டை மாறி மாறி ஆண்ட இரு கட்சிகளின் வேட்பாளர்களும் பதினொரு விழுக்காடு அளவே பெற்று வெளியேறினர். எஞ்சியோர் தீவிர வலதுசாரி நார்பர்ட் ஹோஃபரும், பசுமைக் கட்சி ஆதரித்த அலெக்சாண்டர் வான் டெர் பெல்லனும். மக்கள் கட்சி எனப்படும் பழமைவாதக் கட்சியினர் என்ன செய்வது? மே மாதச் சுற்றில் வான் டெர் பெல்லன் 30,863 வாக்குகளில் வென்றார். எண்ணும் முறையில் பிழை என்று நீதிமன்றம் அதைத் தள்ளியது. மறுதேர்தலும் அஞ்சல் உறைகளின் பசை ஒட்டாததால் தள்ளிப்போயிற்று. (செருமன் மொழி பேசும் நாட்டில் பசை ஒட்டவில்லை என்பதைக் கேட்டு ஐரோப்பாவே சிரித்தது.) அத்தேர்தல் பரப்புரையில் அந்தப் பசுமைவாதி தம் பழைய மேடையை விட்டு இறங்கிவந்தார். அல்ப்ஸ் மலையும் தாய்மண் என்ற சொல்லும் அவருடைய சுவரொட்டிகளில் ஏறின. அச்சொல்லை வலதுசாரிகளின் தனிச்சொத்தாக அவர் விட்டுவைக்கவில்லை. மக்கள் கட்சித் தலைவர் மிட்டர்லேனர் அவருக்கே வாக்களிப்பேன் என்றார். அதே கட்சியின் நாடாளுமன்றக் குழுத் தலைவர் லோபாட்கா ஹோஃபருக்கு என்றார். கட்சி இரண்டுபட்டது, ஆனால் இருவரும் வாய்திறந்து சொன்னார்கள். திசம்பர் 4-இல் வான் டெர் பெல்லன் 53.8 விழுக்காடு பெற்றார்.

அமெரிக்காவில் கடைசியில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். செனியைப் பின்பற்றிச் சென்றோர் மிகச் சிலர். வாக்களித்து வந்தோரிடம் எடுத்த கணிப்பின்படி குடியரசுக் கட்சியினருள் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரே ஹாரிசுக்கு வாக்களித்தனர். டிரம்ப் 312 தேர்வாளர் வாக்குகள் பெற்று வென்றார். பதவியேற்ற 2025 சனவரி 20 அன்றே, நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் சிக்கிய ஏறத்தாழ 1500 பேருக்கு மன்னிப்பளித்தார். ஆகவே செனியின் வழி வீண்வழி என்று யாத்திரை சென்றவர்கள் சொல்லுகிறார்கள். தனியே போனவளைப் பார்த்து, ஏன் தனியே போனாய் என்று கேட்க, கூடப் போகாதவர்களுக்கு உரிமை உண்டா?

டிக் செனி 2025 நவம்பர் 3-இல் இறந்தார். அம்மாதம் 20-ஆம் நாள் வாஷிங்டன் தேவாலயத்தில் நடந்த இறுதி வழிபாட்டில் புஷ் இரங்கலுரை ஆற்றினார். பென்ஸ் வந்திருந்தார். பைடனும் கமலா ஹாரிசும் வந்திருந்தனர். டிரம்புக்கு அழைப்பில்லை. ஓராண்டுக்கு முன், 2024 அக்டோபரில், ரிப்பன் மேடையில் லிஸ் செனிக்குப் பக்கத்தில் புஷ்ஷும் பென்சும் நிற்பதற்குப் போதிய இடம் இருந்தது.